பொறுமைக்கு ஒரு பொன்னாடை

மாத்தளையில் சான்றிதழ் விழா. குடியை விட்டவர்களையே குடிப்பவர்களுக்குத் துணையாகப் பயிற்றும் திட்டம். சொந்த அனுபவம் கட்டாயம்.

பயிற்சி முடித்த கிறிஷாந்த் மேடையில் தலை நிமிராமல் குடித்த கதையைச் சொன்னான். அரிசி வாளிக்குள் ஒளித்த போத்தல், விடியலில் நடுங்கிய கை, வஹகோட்டைக் கோயிலில் அழுத அழுகை. சபை கைதட்டத் தட்ட அவனுக்கு வியர்த்தது.

மூன்று மொழிகளிலும் வணக்கம் சொல்லவே கால்மணி நேரம் எடுத்த திட்டப் பணிப்பாளர் முழங்கினார்: "இவருக்கு நிரந்தர வேலை! இந்தக் குடிகாரரைப் பொறுத்துக்கிட்ட மனைவிக்குப் பொன்னாடை!"

மேடையேறிய கெத்தரின், அதை வாங்கிக் கணவன் தோளில் போர்த்தினாள்.

"மன்னிச்சிரு கெத்தரின். உன் கதைய என் கதையா சொல்லிட்டேன்" என்று முணுமுணுத்தான்.

"பொம்பள குடிச்சேன்னு சொன்னா வேலை குடுப்பாங்களா? போத்திக்குங்க. குடிகாரியப் பொறுத்துக்கிட்டது நீங்கதானே."