பக்கத்து சீட்

"பாலா, விட்ராத! உள்ளே மடக்கு... இப்ப!"

டிரேவர் போட்ட கத்தலில், பிரேசர் டவுன் மாடியில் அவன் நடத்தும் சிமுலேட்டர் சென்டரே அதிர்ந்தது.

திரையில் கூரையும் கதவும் இல்லாத அந்தக் குட்டி ரேஸ் கார் வளைவில் வாலை ஆட்டியது. பாலகுமார் ஸ்டியரிங்கைத் துளி திருப்பி மீட்டான். இன்னும் ஒரே சுற்று. முன்னால், பக்கத்து சிமுலேட்டரில் ஓட்டும் நோயலின் கார் மட்டும்தான்.

பாலகுமார் இங்கே ஒரு ரேஸ்கூட ஜெயித்ததில்லை. காரணம், அவன் மனைவி கிருத்திகா.

முதல் நாள் அவனோடு வந்தவள், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையில் 'பக்கத்து சீட் எடை' என்று இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"டிரேவர் அண்ணா, என் வெயிட்டையும் போடுங்க. நான் என்ன பேயா, வெயிட் இல்லாம உக்கார?"

"ஐயோ, இது இறகு மாதிரி கார்மா. நீ ஏறினா நகராது."

"என்னை வெச்சுக்கிட்டே ஒரு தடவை ஜெயிச்சுக் காட்டட்டும். அப்பதான் அது ஜெயிப்பு."

"காட்டறேன்டி," என்றான் பாலகுமார். கையில் அடித்து சத்தியமே செய்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ரேஸிலும் அவள் எடை அந்தக் காரில் ஏறியது. ஆட்டுக்கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுவதுபோல் அவன் தோற்றுக்கொண்டே இருந்தான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பிறகு அவள் வருவது நின்றது. "வேலூர்ல இருக்கா, அவங்க அம்மா கூட," என்றான். நாற்காலி காலியாகக் கிடந்தது. அவன் சொல்லும் எடையும் வாராவாரம் இறங்கியது.

ஏதோ சண்டை, கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் டிரேவர் நினைத்தான். "பொண்டாட்டி ஊர்ல இல்லன்னதும் வெயிட்டைத் திருடறியா குரு?" என்று சீண்டுவான். பாலகுமார் சிரித்து மழுப்புவான்.

இன்று காலை தொப்பி போட்டு வந்தான். கையில் ஒரு துணிப்பை. அதைச் சிவப்பு நாற்காலியில் வைத்து, சாயாமல் துண்டால் இறுக்கிக் கட்டினான்.

"இன்னிக்கு எவ்ளோ?"

"ரெண்டே முக்கால்... மூணுன்னே போடு. குறைச்சுப் போட்டா கோவிச்சுக்குவா."

டிரேவருக்குச் சுருக்கென்றது. "மூணு கிலோவா? அதுக்கு ஜீரோன்னே சொல்லேன். அப்புறம் எதுக்குடா அவ கையில அடிச்சு சத்தியம் பண்ணே?"

"போடு டிரேவர்."

போட்டான்.

கடைசி வளைவு. நோயல் பிரேக்கை ஒரு இமைப்பொழுது முன்னதாக மிதித்தான். உள்பக்கம் கிடைத்த இடைவெளியில் பாலகுமார் புகுந்தான். கோட்டைத் தாண்டும்போது அவன் காரின் மூக்கு முன்னால் இருந்தது.

"சக்கத் மச்சி, சூப்பர்!" டிரேவர் துள்ளினான்.

பக்கத்து சிமுலேட்டரிலிருந்து நோயல் இறங்கி வந்தான். "நல்லாத்தான் ஓட்டினே. ஆனா பொண்டாட்டியை வழியில இறக்கி விட்டுட்டு ஜெயிச்சது கணக்குல சேராது, ஆமா."

பாலகுமார் ஸ்டியரிங்கை விடவே இல்லை. அவன் தோள்கள் மட்டும் குலுங்கின.

"டேய், ஜெயிச்சதுக்கு அழுவாங்களா?" டிரேவர் பேச்சை மாற்ற நினைத்து, நாற்காலிப் பக்கம் திரும்பினான். பைக்குள் சிவப்புத் துணியால் வாய் கட்டிய மண்கலயம் தெரிந்தது. "ரசகுல்லாவா? ஜெயிப்போம்னு தெரிஞ்சே வாங்கிட்டு வந்துட்டியா, கள்ளா!"

துண்டை அவிழ்க்கப் போன அவன் கையைப் பாலகுமார் பிடித்துக்கொண்டான். மறுகையால் தொப்பியைக் கழற்றினான். மழித்த தலை.

"அவளை நான் இறக்கி விடல நோயல். வாராவாரம் நான் சொன்னது வேலூர் ஆஸ்பத்திரியில எடுத்த அவ வெயிட்தான். கல்பள்ளி சுடுகாட்டுல இருந்து நேரா வரேன், ஸ்ரீரங்கப்பட்டணம் ஆத்துக்குப் போகணும். அஸ்தியை வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க... அதான் இவளை இங்க கூட்டிட்டு வந்தேன்."