கலர் பாட்டில் ஏலம்

"நூறு ரூபா" என்றது ஒரு குரல், பெண்கள் பக்கத்திலிருந்து.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. காலையில் "மாத்திரை போட்டாச்சா" என்று கேட்ட குரல் அது.

அவர் மனைவி ஞானப்பூ. அவருக்கு எதிராக ஏலம் கேட்கிறாள்.

அறுப்பின் பண்டிகை. ஆலயத்துக்கு வெளியே பந்தல். மேசையில் காணிக்கையாக வந்த வாழைத்தார், பூசணி, கால் கட்டிய சேவல். நடுவில் யாரோ கடைக்காரர் கொண்டுவந்து வைத்த பெரிய கலர் பாட்டில், இனிப்புக் குளிர்பானம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ச்சியில் அது வியர்த்துக்கொண்டிருந்தது.

ஐம்பது ரூபாய்க்கு முடிந்துவிடும் என்றுதான் அவர் கையைத் தூக்கியிருந்தார். வீட்டில் சீனி டப்பாவே கிடையாது. கடைகளிலும் அவள் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் ஆண்டவருக்கென்று வந்ததை ஏலத்தில் எடுத்தால் அவளால் என்ன சொல்ல முடியும்?

"நூத்தம்பது" என்றார்.

"இருநூறு."

பந்தல் முழுக்கத் திரும்பியது. புருஷன் கேட்ட பொருளுக்குப் பெண்டாட்டி மேலே கேட்டதை அந்த ஊர் பார்த்ததில்லை.

ஏலம் விட்ட எபனேசர் சிரித்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, எப்படியும் ஒரே வீட்டுக்குத்தான போவப்போவுது!"

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. இனிமேல் பாதத்தைத்தான் எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னது எல்லோருக்கும் தெரியும்.

ஐந்நூறு வரை வந்தாள் ஞானப்பூ. அதற்கு மேல் குரல் வரவில்லை. முந்தியில் முடிந்து வைத்திருந்த முட்டைக் காசு அவ்வளவுதான்.

"ஐந்நூத்தம்பது" என்றார் அவர். ஜெயித்த குரல்.

"ஒருதரம்" என்றார் எபனேசர்.

"அறுநூறு!"

ஆண்கள் பக்கம். ஜெபமணி.

அவருக்கு விளங்கவில்லை. நேற்றுதான் டீக்கடையில் பேப்பர் படித்தார்கள். இனிப்புப் பானங்களுக்கு வரியை ஏற்ற வேண்டும் என்று யாரோ பேசியிருந்தார்கள். "என் வாயில நான் ஊத்துறதுக்கு எவனுக்குவே கப்பம் கட்டணும்?" என்று அவர் கேட்டார். பெஞ்சைத் தட்டிச் சிரித்து, "நல்லாக் கேட்டீரு மச்சான்" என்றவர் இதே ஜெபமணி.

இப்போது ஜெபமணி பந்தல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுநூறு" என்றார் அவர்.

"எண்ணூறு." டீக்கடைக்காரர்.

"ஆயிரம்." நேற்றுப் பேப்பரைப் படித்துக் காட்டிய வாத்தியார்.

அதே பெஞ்சு. வரியே கூடாது என்ற அதே வாய்கள்.

ஒருவருக்கும் அந்தக் கலர் வேண்டியதில்லை. அது தெரிந்ததும் அவருக்கு முகம் சுட்டது. ஊர் கூடி அறைந்தது போலிருந்தது. சட்டைப்பையில் இருந்ததை எல்லாம் கையில் எடுத்தார்.

"ஆயிரத்து இருநூறு!"

"ஆயிரத்து ஐந்நூறு" என்றார் ஜெபமணி, மெதுவாக. மாட்டுத் தீவனத்துக்கு வைத்திருந்த பணம்.

மூன்றாம் தரமும் சொல்லியாயிற்று. ஜெபமணி மேசைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்துப் பாட்டிலை வாங்கினார். ஏலத்தில் எடுத்ததை அங்கே பலர் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. திரும்ப மேசையிலேயே வைத்துவிடுவார்கள். ஒரே பூசணி நான்கு பேருக்கு விலைபோகும். ஆலயத்துக்கு வருமானம்.

"ஆலயத்துக்கே குடுத்தாச்சு. மறுபடி ஏலம் விடும்" என்றார் ஜெபமணி.

சொன்ன பிறகுதான் ஜெபமணிக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

பாட்டில் மேசையில் நின்றது.

"ஐம்பது ரூபா..." எபனேசரின் குரல் இறங்கிப் போயிருந்தது. "யாராவது?"

ஞானப்பூ எழுந்துவிட்டாள். முந்தி முடிச்சில் கை வைத்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

நேராக, வெகுநேரம்.

முடிச்சை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அதுவரை நடந்தது எதுவும் அவரை அப்படி உலுக்கவில்லை.

வாத்தியார் வாய் திறந்தார். ஞானப்பூவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"முப்பது" என்றார் எபனேசர். "இருபது."

யாரும் கேட்கவில்லை.

"பத்து ரூபா." கெஞ்சுவது போலிருந்தது. "பத்துக்குமா ஆள் இல்ல?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் வெட்கப்படக் கூடாது என்று, ஒருவர்கூட அவர் பக்கம் திரும்பவில்லை.

அவருடைய வலது கை தானாக மேலே எழுந்தது.

இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.