கழற்றாத கண்ணாடி

மூன்று முதல்வர்களுக்குச் செய்தித் தொடர்பாளராக இருந்த பூங்கோதைக்கு ஒரு பழக்கம் உண்டு. தானே விசாரித்து உறுதிசெய்த தகவல் என்றால், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் சொல்வார். மேலிடம் எழுதிக் கொடுத்தது என்றால் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்காது. நிருபர்களுக்கு இது தெரியும். அவர்கள் வழியாக ஊருக்கே தெரியும். எழுதிக் கொடுத்த அதிகாரிகள்தான் கவனிக்கவே இல்லை. அவர்கள் எங்கே அவர் முகத்தைப் பார்த்தார்கள்? தங்கள் வாக்கியம் பிசகாமல் வருகிறதா என்பதிலேயே குறியாக இருந்தார்கள்.

அவர் ஓய்வுபெற்றபோது முகத்தையும் குரலையும் அரசு வாங்கிக்கொண்டது. அவருடைய பழைய பேட்டிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஒரு கணினி உருவம்தான் இப்போது தினமும் திரையில் பேசுகிறது.

அன்று விடாத மழை.

"அணைக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆற்றோர மக்கள் வீட்டிலேயே இருக்கலாம்" என்றது உருவம்.

ஆற்றோரத்தில் குடியிருந்த பூங்கோதை திரையருகே போய் உற்றுப் பார்த்தார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"அடி என் ராசாத்தி! இதையுமா கத்துக்கிட்ட?" என்றார். கண் கலங்கிவிட்டது.

அக்கம்பக்கத்தாரை எச்சரிக்க வாசலுக்கு ஓடினார். தெருவே மூட்டை முடிச்சோடு கிளம்பிக்கொண்டிருந்தது. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்த எதிர்வீட்டு மெகருன்னிசா, அவரைப் பார்த்ததும் பதறினாள்.

"இன்னும் என்ன மேடம் நிக்கிறீங்க? டிவில நீங்க கண்ணாடியக் கழட்டவே இல்லையே, பாக்கலையா?"