பழைய பிரவுசரில் ஒருவர்

இறந்தவர்களின் படங்களை வைத்திருக்கும் அஞ்சலித் தளம் அது. இனி எந்தெந்த பிரவுசர்களில் தளம் திறந்தால் போதும் என்று முடிவெடுத்த கூட்டத்தில், மிகப் பழைய ஒன்றுக்கு ஒரே ஒரு ஆள்தான் மிச்சமிருந்தார். தினமும் காலையில் வந்து, மஞ்சள் சட்டை போட்ட ஒரு சிறுமியின் பக்கத்தை மட்டும் நெடுநேரம் திறந்து வைத்திருப்பவர்.

“ஒருத்தருக்காக இதைக் கட்டி இழுக்க முடியாது, தூக்கிடுங்க ஹேமா,” என்றார் மேலாளர் ஜெயசீலன். ஹேமலதா தூக்கினாள். அந்தப் பழைய பிரவுசரில் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். முகமும் இல்லை, பெயரும் இல்லை, வெறும் வெள்ளை.

தளத்தின் வருகைப் பதிவின்படி மறுநாளும் அவர் வந்திருந்தார். எப்போதும் போல நெடுநேரம் இருந்துவிட்டுத்தான் போனார். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே.

“வெறும் வெள்ளையில என்ன சார் பாக்குறாங்க?”

“மெஷின் ஹேங் ஆகியிருக்கும், விடுங்க.”

அவளால் விட முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் அந்த வெள்ளையின் நடுவே ஒரு வரி சேர்த்தாள்: ‘மன்னிக்கவும். வேறு பிரவுசரில் திறந்தால் படம் தெரியும்.’ மறுநாள் அவர் அந்த வரியைப் படிக்கும் நேரம் மட்டுமே இருந்தார். பிறகு வரவே இல்லை.

ஹேமலதா அந்த வரியை அழித்தாள். வெள்ளை மறுபடி வெள்ளையானது. தினமும் காலையில் அதே பழைய பிரவுசரில் அதைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள்.

“அந்த ஆள் இன்னும் வந்துட்டுதான் இருக்காரு போல,” என்று வருகைப் பதிவைப் பார்த்துச் சிரித்தார் ஜெயசீலன், அடுத்த கூட்டத்தில்.