மாற்ற முடியாத பெட்டி

எங்கள் பழைய கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, நான் சவரம் செய்து, குளித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்தால் அது அப்போதுதான் கண் விழிக்கும். அதைப் பதினைந்து வருடம் ஓட்டியது என் மகனின் கை. எது கெட்டாலும் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்துவிடுவான்.

புதிது வாங்கக் கடைக்குப் போனோம்.

“இந்தச் சின்னப் பெட்டி விலை கம்மி. ஆனா உள்ள எதையும் மாத்த முடியாது. அந்தப் பெருசு விலை கொஞ்சம் கூட. ஒவ்வொரு பார்ட்டா மாத்திக்கிட்டே பத்து வருஷம் ஓட்டலாம்,” என்றார் கடைக்காரர்.

“பெருசையே குடுங்க,” என்றேன்.

“சின்னதே போதும்ப்பா. மூணு வருஷம் வந்தா சரி,” என்றான் மகன், வலக்கையைப் பேன்ட் பையிலிருந்து எடுக்காமலே. பர்ஸுக்கு அவ்வளவு காவல்!

எனக்கு எண்பத்தொன்று. மீதிக் கணக்கையும் போட்டுவிட்டான் போலிருக்கிறது.

“டேய், ரெண்டு முட்டி, ரெண்டு கண்ணு லென்ஸ், நெஞ்சுல பேட்டரி, எல்லாம் புதுசு. உங்கப்பன் இன்னும் இருபது வருஷம் ஓடுவான்டா!”

கடைக்காரர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை.

“வாரண்டி கார்டுல கையெழுத்து போடுங்க சார்.”

“அப்பா, நீங்களே போடுங்க.”

“வாங்குறவன் நீ. போடுடா.”

கையை வெளியே எடுத்தான். பேனா பிடித்த விரல்கள் உதறி, மேஜையில் தாளம் போட்டன.

“உங்களுக்குக் கணக்குப் போடலப்பா,” என்றான். “மூணு வருஷத்துல இந்தக் கையால ஒரு ஸ்குரூகூடத் திருக முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“மாத்துறதுக்கு ஒண்ணும் இல்லையாமா?”

“இதுக்குப் பார்ட் கிடையாதாம்ப்பா.”

சின்னப் பெட்டிக்கு நானே கையெழுத்துப் போட்டேன்.