ஒரு நிமிடச் சோதனை

மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா வருடம். மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு பள்ளி. மங்களேஸ்வரி டீச்சர், தான் மாலையில் படித்துவந்த உளவியல் வகுப்புக்காக ஒரு சோதனை செய்தாள். பிள்ளைகள் கண்ணை மூடி, ஒரு நிமிடம் ஆனதாகத் தோன்றும்போது கையைத் தூக்க வேண்டும்.

திங்களன்று இருபத்திரண்டு கைகளும் நாற்பதாவது வினாடியில் ஒன்றாக உயர்ந்தன.

"எல்லாருக்கும் ஒரே எண் வராதும்மா. ஆளுக்கு ஆள் விலகல் இருக்கணும். திரும்ப எடுங்க," என்றார் விரிவுரையாளர் பொன்னுதுரை.

செவ்வாயன்று முப்பது. புதனன்று இருபது. வியாழனன்று பத்து.

"யாரு சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு?"

"யாரும் இல்ல டீச்சர். கண்ண மூடினா தெரியுது, இன்னும் கொஞ்சந்தான் இருக்கு," என்றாள் முன்வரிசை விஜயா.

வெள்ளியன்று டீச்சர் சோதனையே வேண்டாமென்று கைக்கடிகாரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். வகுப்பறைக் கதவைத் திறந்தாள்.

இருபத்திரண்டு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். கைகள் ஏற்கெனவே உயர்ந்திருந்தன.