மாமனாருக்குப் போட்ட களை

இதை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் தெருத் தையற்காரி. போன மழைக்காலத்தில், என் மகனுடைய கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டே சொன்னாள்.

அவளுடைய அப்பா லாரி மெக்கானிக். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பட்டறை முதலாளி, "கை வேண்டாம், உங்க காது போதும். என்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கோளாறைச் சொல்லுங்க. திங்கட்கிழமை வரலேன்னா வேற ஆளைப் பார்க்கணும்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

"கையோட தலையும் போச்சும்மா. வேண்டாம்னு சொல்லிடு" என்றார் அப்பா.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பொழுது போகவில்லை என்று அப்பா, அம்மா, மகள், மாப்பிள்ளை நாலு பேரும் சீட்டாட உட்கார்ந்தார்கள்.

மாப்பிள்ளை வாங்கிவந்த ஆட்டம் அது. எல்லாருக்கும் முதலில் கிடைப்பது ஒன்றுக்கும் உதவாத 'கூலி' அட்டைகள்தான். நடுவில் விரித்த சந்தையில் நல்ல அட்டைகளை வாங்கி அவரவர் கட்டை வளர்க்க வேண்டும். கட்டு தீர்ந்தால் கலைத்துப்போட்டு மறுபடி எடுக்கலாம். 'கோட்டை' அட்டைகளை அதிகம் வாங்கியவருக்கு ஜெயம்.

மாப்பிள்ளை 'சூனியக்காரி'யை இறக்கினான். "மாமா, உங்களுக்கு ஒரு களை."

களை என்பது, சூனியக்காரியை ஆடுகிறவர் தான் நினைத்தவர் கட்டில் தள்ளும் தண்ட அட்டை. கட்டில் இடத்தை அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அடுத்த சுற்றிலும் மாமாவுக்கே களை. அதற்கடுத்த சுற்றிலும்.

தையற்காரி பல்லைக் கடித்தாள். "உங்களுக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"உங்க ரெண்டு பேரையும் பார்த்து யார் பயந்தா? மாமாகிட்டதான் பயம்" என்றான் மாப்பிள்ளை.

அம்மா மனசுக்குள் சாமியை வேண்டிக்கொண்டே, தன் கைக்கு வந்த சூனியக்காரியை ஆடாமல் கழித்துப்போட்டாள். மகளும் அப்படியே செய்தாள்.

அப்பா இடது கையால் தட்டுத்தடுமாறி 'துறவி'யை வாங்கினார். துறவி கையில் வந்தால் வேண்டாத அட்டையை ஆட்டத்தை விட்டே ஒழித்துவிடலாம். களைகள் ஒழிந்தன. பிறகு தன்னுடைய கூலி அட்டைகளையும் ஒவ்வொன்றாக ஒழிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ அப்பா, அது உங்களோடது!"

"தெரியும். ஆடு."

கட்டு இளைத்து உள்ளங்கைக்குள் அடங்கியது. வாங்கியிருந்த இரண்டு 'தூதுவன்' அட்டைகளும் கொஞ்சம் 'தங்கம்' அட்டைகளும்தான் மிச்சம். தூதுவன் வந்தால் கூடுதலாக அட்டை எடுக்கலாம்; எடுத்தால் தங்கம்; தங்கம் வந்தால் கோட்டை. மாப்பிள்ளையிடம் நல்ல அட்டைகள் மலைபோல இருந்தன. ஒன்று வந்தால் அதற்கு ஜோடி வரவில்லை.

கடைசிக் கோட்டையையும் அப்பாவே வாங்கினார்.

"நல்லா வேணும்! முடியாத மனுஷனைப் போட்டு அந்தப் பாடு படுத்தினீங்களே!" என்றாள் தையற்காரி.

மாப்பிள்ளை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எழுந்துபோனான்.

"அவரைத் திட்டாதே" என்றார் அப்பா. "நீயும் உங்கம்மாவும் சூனியக்காரியை ஆடாமக் கழிச்சதைப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். உங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் ஜெயிச்சிருந்தா, என் தலை இன்னும் வேலை செய்யுதுன்னு நான் நம்பியிருக்க மாட்டேன். அவர் மூஞ்சியைப் பார்த்தியா? நிஜமாவே தோத்த மூஞ்சி! போனை எடு, முதலாளிகிட்டப் பேசணும்."

உங்கள் வீட்டில் உடம்பு முடியாதவர் யாராவது ஆட உட்கார்ந்தால், தயவுசெய்து விட்டுக்கொடுக்காமல் ஆடுங்கள்.